கோரிக்கை வந்துவிட்டது, ஸ்கிரிப்டுக்குத்தான் தெரியவில்லை

உலாவி அனுப்பிய கோரிக்கை சர்வர் வரை ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கும். உள்ளே உட்கார்ந்து பக்கத்தை உருவாக்கும் பிஎச்பி ஸ்கிரிப்டோ ஒன்றுமே தெரியாததுபோல் விழிக்கும். மாதம் ஒருமுறையாவது இப்படி ஒரு பழுது என் மேசைக்கு வருகிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதற்குள் நிரலைக் கீறிப் பார்த்து, நன்றாக இருந்ததையும் கெடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

ஸ்கிரிப்ட் உலாவியை நேரில் பார்ப்பதே இல்லை. முன்னால் நிற்கும் வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸோ அப்பாச்சியோ, கோரிக்கையின் விவரங்களை மாறிகளாக ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறது. அதில் உள்ளதை மட்டும்தான் ஸ்கிரிப்ட் படிக்கும். எனவே நிரலைத் தொடும் முன் சீட்டைப் படியுங்கள்.

கீழே உள்ளவை பெரும்பாலும் என்ஜின்எக்ஸும், பிஎச்பி ஸ்கிரிப்டுகளை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மும் சேர்ந்து ஓடும் சர்வருக்கானவை. அப்பாச்சி மாறுபடும் இடங்களில் சொல்லியிருக்கிறேன். மாறிகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியுள்ளேன். கோப்பில் எழுதும்போது ஆங்கில எழுத்தில், அடிக்கோட்டையும் விடாமல் எழுத வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

தளத்தின் அடைவில், யாரும் ஊகிக்க முடியாத பெயரில் ஒரு சிறு பிஎச்பி கோப்பை வையுங்கள். உள்ளே ஒரே ஒரு வரி போதும்: சீட்டின் மாறிகளைப் பிஎச்பி சேர்த்துவைக்கும் ‘சர்வர்’ என்ற அணி முழுவதையும் அச்சிடுவது. உலாவியில் திறந்தால் சீட்டில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே தெரியும். இது குக்கி, உள் பாதைகள், சில சமயம் கடவுச்சொற்களைக்கூட வெளியே கொட்டும். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். இப்படி ஒருவர் மறந்து விட்ட கோப்பை, அவரே மறந்த பிறகு, நான் ஒரு தேடுபொறியில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, என்ஜின்எக்ஸ் கட்டளைக்குப் பெரிய எழுத்து டி கொடுத்து ஓட்டுங்கள். எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் அமைப்புக் கோப்புகள் அனைத்தையும் ஒரே நீளமாகக் காட்டும். நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் கோப்பு உண்மையில் ஏற்றப்படுகிறதா என்பது இங்கேதான் தெரியும். ஏற்றப்படாத கோப்பை ஒரு மணி நேரம் திருத்திக்கொண்டிருந்த அனுபவம் எனக்கே உண்டு.

அறிகுறி: வெள்ளைப் பக்கம், பிழைச் செய்தியே இல்லை

அணுகல் பதிவைத் திறந்து அந்த வரியின் நிலைக் குறியீட்டைப் பாருங்கள்.

500 என்று இருந்தால் பழுது நிரலில். பிஎச்பியின் பிழைப் பதிவுக்குப் போங்கள், இந்தக் குறிப்பு உங்களுக்கு வேண்டாம்.

200 என்று இருந்து, அதன் அருகில் அளவு 0 அல்லது 5 என்று இருந்தால் சீட்டில்தான் குறை. (5 என்பது உள்ளடக்கம் அல்ல, வெறும் முடிவுக்குறி மட்டும் போனதன் பைட் கணக்கு.) ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம் என்ற மாறி போகவில்லை. எந்தக் கோப்பை ஓட்டுவது என்று எஃப்பிஎம்முக்குத் தெரியவில்லை. ஆனால் அது வாய் திறந்து சொல்வதும் இல்லை. வெற்றுப் பதிலைக் கொடுத்துவிட்டு அடுத்த கோரிக்கைக்குப் போய்விடும்.

எளிதான காரணம்: தவறான கோப்பை இன்க்ளூட் செய்திருப்பது, அதாவது அமைப்புக்குள் இழுத்திருப்பது. என்ஜின்எக்ஸ் அடைவில் ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கும். ‘ஃபாஸ்ட்சிஜிஐ_பாரம்ஸ்’ ஒன்று, ‘ஃபாஸ்ட்சிஜிஐ.கான்ஃப்’ மற்றொன்று. இரண்டாவதில் ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம் வரி கூடுதலாக இருக்கும். முதலாவதை இழுத்திருந்தால் அந்த வரியை நீங்களே சேர்க்க வேண்டும், அல்லது இரண்டாவதற்கு மாற வேண்டும்.

இரண்டாவது காரணம் இன்னும் பொல்லாதது. ஒரு கடைக்காரரின் தளத்தில் சோதனை முறை என்று ஸ்கிரிப்டுக்குத் தெரிவிக்க, லொகேஷன் பகுதிக்குள் (குறிப்பிட்ட முகவரிகளுக்கான அமைப்புத் துண்டு), சீட்டில் ஒரு மாறியை எழுதும் ஃபாஸ்ட்சிஜிஐ_பாரம் வரி ஒன்றே ஒன்றைச் சேர்த்தேன். எழுத்துப் பிழை இல்லை, அமைப்புச் சோதனையும் தேறியது. மறுஏற்றம் செய்தேன், தளம் முழுவதும் வெள்ளை. இரவு பதினொன்றரை மணி. சேர்த்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் தவறே இல்லை. தவறு அது நின்ற இடத்தில் இருந்தது. மற்ற மாறிகளைக் கொண்டுவரும் இன்க்ளூட் வரி மேலே, தளம் முழுவதற்குமான சர்வர் பகுதியில் இருந்தது. என்ஜின்எக்ஸின் விதி இது: உள் பகுதியில் ஒரு ஃபாஸ்ட்சிஜிஐ_பாரம் கூட இல்லாவிட்டால்தான் மேலே உள்ளவை கீழே இறங்கி வரும். ஒன்றே ஒன்று இருந்தாலும் மேலே உள்ளவை அத்தனையும் அற்றுப்போகும். நான் ஒன்றைச் சேர்த்தேன், இருபதை இழந்தேன்.

தீர்வு: அதே லொகேஷன் பகுதிக்குள் இன்க்ளூட் வரியையும் எழுதி, அதற்குக் கீழே உங்கள் வரியை வையுங்கள். பின்னால் வேறு சர்வருக்குக் கைமாற்றும் அமைப்பில் உள்ள பிராக்ஸி_செட்_ஹெட்டருக்கும் இதே விதிதான். அங்கே வெள்ளைப் பக்கம் வராது. வேறு எதையோ சேர்த்த அன்று, உலாவி கேட்ட தளப் பெயரைச் சொல்லும் ஹோஸ்ட் ஹெட்டர் காணாமல் போகும்.

அறிகுறி: ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று ஒற்றை வரி

முதலில் அந்தப் பக்கத்தின் முகத்தைப் பாருங்கள். நடுவில் பெரிய எழுத்தில் 404, கீழே என்ஜின்எக்ஸ் பெயர் என்று இருந்தால் அது என்ஜின்எக்ஸே சொன்ன பதில். கோரிக்கை எஃப்பிஎம் வரை போகவில்லை. அலங்காரமில்லாத ஒற்றை வரி மட்டும் மூலையில் இருந்தால் சொன்னது எஃப்பிஎம். என்ஜின்எக்ஸ் பிழைப் பதிவில் ‘பிரைமரி ஸ்கிரிப்ட் அன்னோன்’ என்று இருக்கும். மாறி போயிருக்கிறது, அதில் எழுதிய முகவரியில் கோப்பு இல்லை என்று பொருள்; அல்லது இருக்கிறது, எஃப்பிஎம்மின் கண்ணுக்குப் படவில்லை.

தளத்தின் கோப்புகள் உள்ள அடைவைச் சொல்லும் ரூட் வரி எங்கே இருக்கிறது? பலர் அதை ‘/’ லொகேஷனுக்குள் எழுதிவிடுவார்கள். பிஎச்பிக்கான லொகேஷன் தனி. அதற்கு ரூட் கிடைக்காது. என்ஜின்எக்ஸ் தன் இயல்பான எச்டிஎம்எல் அடைவை எடுத்துக்கொண்டு, பல நிறுவல்களில் ‘/etc’ (இடிசி) என்று தொடங்கும் ஏதோ ஒரு பாதையை அனுப்பும்.

தளம் ‘வார்’ அடைவில் இருக்க, ‘இடிசி’ அடைவில் தேடிக்கொண்டிருக்கும். ரூட் வரியை ஒரு படி மேலே, சர்வர் பகுதிக்கு ஏற்றினால் தீர்ந்தது.

ஒரு முகவரிக்கு வேறு அடைவைக் காட்டும் ஏலியஸ் வரியைப் பயன்படுத்துகிறீர்களா? அப்படியானால் ரூட்டையும் ஸ்கிரிப்ட் பெயரையும் ஒட்டுகிற வழக்கமான வரி தவறான பாதையைத் தரும். அந்த இடத்தில் டாலர் குறியோடு ரிக்வெஸ்ட்_ஃபைல்நேம் என்று கொடுங்கள்.

பாதை சரி, ஆனாலும் இல்லை என்கிறதா? அனுமதியைப் பாருங்கள். கோப்புக்கு மட்டும் அனுமதி இருந்தால் போதாது. அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு அடைவிலும் நுழையும் அனுமதி எஃப்பிஎம் பயனருக்கு வேண்டும். லினக்ஸில் ‘நேம்ஐ’ கட்டளைக்கு எல் விருப்பம் கொடுத்து முழுப் பாதையைத் தந்தால், படிப்படியாக ஒவ்வொரு அடைவின் உரிமையாளரையும் அனுமதியையும் காட்டும். எந்தப் படியில் கதவு சாத்தியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாக்கும் வீட்டு அடைவுகளுக்கு அனுமதி 750 என்றாகிவிட்டது. முன்பு 755 இருந்ததால் வீட்டு அடைவில் ஓடிய தளம், புதிய சர்வருக்கு மாறியதும் நின்றுபோவதற்கு இது ஒரு காரணம்.

மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் ஓடுகிறதா? என்ஜின்எக்ஸ் ஒரு பெட்டியில், எஃப்பிஎம் வேறு பெட்டியில் இருக்கும். ஸ்கிரிப்ட்_ஃபைல்நேமில் உள்ள பாதையைத் திறக்கப்போவது எஃப்பிஎம். ஆகவே பாதை அந்தப் பெட்டிக்குள் எப்படித் தெரிகிறதோ அப்படி இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே பாதையில் அடைவை இணைத்துவிடுவதே வம்பில்லாத வழி.

ரெட்ஹாட் குடும்பத்து லினக்ஸில் இவை எல்லாம் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால், லினக்ஸின் கூடுதல் பாதுகாப்புக் காவலான எஸ்இலினக்ஸ் தடுக்கிறது. கோப்பின் பாதுகாப்பு முத்திரையைத் திரும்ப ஒட்டும் ‘ரீஸ்டோர்கான்’ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சர்வர் நிர்வாகியைக் கூப்பிடுங்கள். எஸ்இலினக்ஸையே அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போகாதீர்கள்.

அறிகுறி: ‘ஆக்சஸ் டினைடு’

எஃப்பிஎம் பதிவில் ‘செக்யூரிட்டி.லிமிட்_எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்ற சொல் இருக்கும்; ஓட்ட அனுமதித்த கோப்பு வகைகளின் பட்டியல் அது. பிஎச்பி அல்லாத கோப்பையோ, ஓர் அடைவையோ ஓட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். முகவரியில் ஒரு படத்தின் பெயருக்குப் பின்னால் ‘/ஏதாவது.பிஎச்பி’ என்று ஒட்டி வந்தாலும் இது வரும். அது வாசகர் அனுப்பியதாக இருக்காது; யாரோ கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள். பதிவேற்றிய படத்துக்குள் நிரலை ஒளித்து இவ்வாறு ஓட்ட வைக்கும் தந்திரம் 2010 முதல் எல்லோரும் அறிந்தது. பட்டியலை விரித்து அந்தத் தடையைத் தளர்த்தாதீர்கள். பிஎச்பி லொகேஷனில், கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் டிரை_ஃபைல்ஸ் வரியைப் போட்டு, கோப்பு இல்லையென்றால் 404 என்று என்ஜின்எக்ஸிலேயே திருப்பி அனுப்புங்கள். பதிவேற்ற அடைவில் நீங்கள் வைக்காத பிஎச்பி கோப்பு எதுவும் தென்பட்டால், அந்த நிமிடமே வேலையை நிறுத்திப் பாதுகாப்பு தெரிந்தவரை அழையுங்கள். அழிக்கவும் வேண்டாம்; அதுதான் தடயம்.

அறிகுறி: முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளது வரவில்லை

பக்கம் திறக்கும். தேடலுக்கு விடை வராது. ‘பக்கம் 2’ என்று சொடுக்கினாலும் முதல் பக்கமே நிற்கும். சோதனைக் கோப்பை நேராகத் திறந்தால் குவெரி_ஸ்டிரிங் நிறைந்திருக்கும், தளத்தின் வழியாகப் போனால் காலி. அப்படியானால் டிரை_ஃபைல்ஸ் வரியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். வெறும் இண்டெக்ஸ்.பிஎச்பி என்று முடிந்தால் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதெல்லாம் அங்கேயே உதிர்ந்துவிடும். அதன் பின்னால் ஒரு கேள்விக்குறியும் டாலர் ஆர்க்ஸும் ஒட்டினால் சரியாகும்.

அப்பாச்சியில் ரீரைட் விதியின் வலப்பக்கத்தில் நீங்களே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால், பழைய குவெரி ஸ்டிரிங் தூக்கி எறியப்படும். விதியின் முடிவில் கியூஎஸ்ஏ என்ற கொடியைச் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

அறிகுறி: படிவம் அனுப்பினால் போஸ்ட் அணி காலி

ரிக்வெஸ்ட்_மெத்தட் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். போஸ்ட் அனுப்பியும் கெட் என்று வந்தால் வழியில் 301 அல்லது 302 திசைதிருப்பல் நடந்திருக்கிறது. படிவத்தின் முகவரி எச்டிடிபி என்று தொடங்கியிருக்கும், அல்லது கடைசிச் சாய்கோடு விடுபட்டிருக்கும். முகவரியைத் திருத்துங்கள். முடியாவிட்டால் 308 கொண்டு திருப்புங்கள். அது முறையையும் உள்ளடக்கத்தையும் மாற்றாது.

போஸ்ட் என்றே வந்து அணி காலியாக இருந்தால் கன்டென்ட்_டைப்பைப் பாருங்கள். ஜேசன் (நிரல்கள் தரவை எழுதி அனுப்பும் ஒரு வடிவம்) என்றிருந்தால் பழுதே இல்லை. பிஎச்பி போஸ்ட் அணியைப் படிவ வகைகள் இரண்டுக்கு மட்டுமே நிரப்பும். ஜேசனை உள்ளீட்டு ஓடையிலிருந்து நீங்கள்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

பெரிய கோப்போடு அனுப்பினால் மட்டும் காலியாகிறதா? போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் இயல்பாக 8 எம்பி. அதைத் தாண்டினால் பிஎச்பி படிவம் முழுவதையும் கைவிட்டுவிடும். என்ஜின்எக்ஸின் வரம்பு இன்னும் சிறியது, 1 எம்பி. ஆனால் அது 413 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும். நீண்ட படிவத்தின் கடைசிப் பகுதி மட்டும் விடுபட்டால் மேக்ஸ்_இன்புட்_வார்ஸ். இயல்பு எண் 1000. நூற்றுக்கணக்கான வரிசைகள் உள்ள மதிப்பெண் பட்டியலில் கடைசி மாணவர்களுக்கு மட்டும் மதிப்பெண் பதிவாகாத பழுது ஒருமுறை வந்தது. தட்டச்சு செய்தவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், பாவம்.

அறிகுறி: ஹெட்டர் அனுப்புகிறேன், ஸ்கிரிப்டில் இல்லை

கோரிக்கையோடு வரும் குறிப்பு வரிகளான ஹெட்டர்கள் சீட்டில் எச்டிடிபி_ என்ற முன்னொட்டோடு வரும். நடுக்கோடு அடிக்கோடாக மாறும். அந்தப் பெயரில் தேடினீர்களா என்று பாருங்கள். சில சமயம் பழுது அவ்வளவுதான்.

ஹெட்டரின் பெயரிலேயே அடிக்கோடு இருக்கிறதா? என்ஜின்எக்ஸ் அதை இயல்பாகவே சத்தமில்லாமல் தள்ளிவிடும். அப்பாச்சி 2.4-உம் அப்படியே. பிழைப் பதிவின் அளவை ‘இன்ஃபோ’ என்று உயர்த்தினால்தான் என்ஜின்எக்ஸ் ஒரு வரி முனகும். அனுப்புகிறவரிடம் சொல்லி நடுக்கோட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். அது முடியவே முடியாது என்றால் மட்டும் அண்டர்ஸ்கோர்ஸ்_இன்_ஹெட்டர்ஸ் என்பதை ஆன் செய்யுங்கள்.

காணாமல் போனது ஆத்தரைசேஷன் ஹெட்டரா? என்ஜின்எக்ஸ் அதைக் கடத்திவிடும். அப்பாச்சியோ, எஃப்பிஎம் போன்ற வெளி நிரல்களிடமிருந்து அதை வேண்டுமென்றே மறைக்கிறது. அப்பாச்சி 2.4.13 முதல் சிஜிஐபாஸ்ஆத் ஆன் என்ற ஒரு வரி போதும். பழைய பதிப்பில் செட்என்விஃப் கொண்டு எச்டிடிபி_ஆத்தரைசேஷன் என்ற மாறியில் ஏற்றி அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகும் இல்லையென்றால் ரீடைரக்ட்_ என்ற முன்னொட்டோடு தேடுங்கள். ரீரைட் நடந்தபின் அப்பாச்சி அப்படிப் பெயர் மாற்றிவிடும். பைதான் தளத்தில் மாட்_டபிள்யூஎஸ்ஜிஐ என்றால் டபிள்யூஎஸ்ஜிஐபாஸ்ஆத்தரைசேஷன் ஆன்.

இதில் ஒரு தலைகீழ்ப் பழுதும் உண்டு. யாராவது ‘பிராக்ஸி’ என்ற பெயரில் ஹெட்டர் அனுப்பினால் அது எச்டிடிபி_பிராக்ஸி ஆகி, ஸ்கிரிப்ட் வெளியே செய்யும் அழைப்புகளை எங்கோ திருப்பிவிடக்கூடும். எச்டிடிபாக்ஸி என்று 2016 ஜூலையில் பெரிதாகப் பேசப்பட்டது இதுதான். அந்த மாறியை வெற்றாக அனுப்பும் ஒரு ஃபாஸ்ட்சிஜிஐ_பாரம் வரியை எல்லாச் சர்வரிலும் போட்டுவைப்பது என் வழக்கம்.

அறிகுறி: வருகிற எல்லோருக்கும் ஒரே ஐபி

ரிமோட்_ஏடிடிஆரில் எப்போதும் 127.0.0.1 அல்லது 172.17.0.1 என்று இருந்தால், உங்களுக்கு முன்னால், கோரிக்கைகளை வாங்கிக் கைமாற்றும் ஒரு பிராக்ஸி நிற்கிறது. மூன்று முறை தவறான கடவுச்சொல் போட்டவரைத் தடுக்கும் நிரல் இருந்தால், ஒருவர் செய்த தவறுக்கு ஊரே வெளியே நிற்கும். என்ஜின்எக்ஸில் செட்_ரியல்_ஐபி_ஃப்ரம், ரியல்_ஐபி_ஹெட்டர் என்ற இரண்டு வரிகள், அப்பாச்சியில் மாட்_ரிமோட்ஐபி. நம்பும் முகவரியாக அந்தப் பிராக்ஸியின் ஐபியை மட்டும் எழுதுங்கள். எல்லோரையும் நம்பு என்று எழுதினால், வந்தவரின் ஐபியைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டரில் யார் வேண்டுமானாலும் விரும்பிய ஐபியை எழுதி அனுப்பலாம். நிரலுக்குள் அந்த ஹெட்டரை நேரடியாகப் படிப்பதும் அதே ஆபத்துதான்.

அறிகுறி: பக்கம் திரும்பத் திரும்பத் தன்னிடமே திருப்பப்படுகிறது

முன்னால் உள்ள பிராக்ஸி எச்டிடிபிஎஸ்ஸை அவிழ்த்து, பின்னால் வெறும் எச்டிடிபியாக அனுப்புகிறது. ஸ்கிரிப்ட் எச்டிடிபிஎஸ் மாறியைக் காணாமல் ‘பாதுகாப்பான முகவரிக்குப் போ’ என்று திருப்புகிறது. இப்படியே சுற்றும். செலவில்லாத வழி, பிராக்ஸியிலிருந்து பின்சர்வர் வரையிலும் எச்டிடிபிஎஸ்ஸாக்குவது. பிராக்ஸி சேவையின் அமைப்புப் பக்கத்தில் அதற்கொரு தேர்வு இருக்கும். அது இயலாதபோது, எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ எச்டிடிபிஎஸ் என்று வந்தால் மட்டும் மாறிக்கு ‘ஆன்’ என்ற மதிப்பைக் கொடுங்கள். மற்ற நேரத்தில் அனுப்பவே வேண்டாம். ‘ஆஃப்’ என்று எழுதி அனுப்பாதீர்கள்: காலியாக இல்லை, ஆகவே பாதுகாப்பானது என்று கணக்குப்போடும் ஸ்கிரிப்டுகள் உண்டு. பிராக்ஸி உங்கள் கையில் இல்லையென்றால் அதை நடத்துகிறவரைத்தான் கேட்க வேண்டும். நிரலில் ஒட்டுப்போட்டு மாளாது.

அறிகுறி: இணைப்புகளில் தளத்தின் பெயருக்குப் பதில் ஓர் அடிக்கோடு

கடவுச்சொல் மாற்றும் மின்னஞ்சலில் முகவரி ‘எச்டிடிபிஎஸ்://_/’ என்று போகும். என்ஜின்எக்ஸ் சர்வர்_நேம் மாறியில், உலாவி கேட்ட பெயரை அல்ல, அமைப்பில் முதலாவதாக எழுதிய பெயரை அனுப்புகிறது. அங்கே அடிக்கோடு இருந்தால் அடிக்கோடுதான் போகும். உண்மையான பெயரை முதலில் எழுதுங்கள். எச்டிடிபி_ஹோஸ்டுக்கு மாறலாமே என்று தோன்றும். அது வெளியிலிருந்து வருவது, யாரும் எதையும் எழுதலாம். கடவுச்சொல் இணைப்புக்கு அதை நம்பவே கூடாது.

அறிகுறி: சூழல் மாறிகள் காலி

முனையத்தில் கிடைக்கும் மாறி ஸ்கிரிப்டில் கிடைக்கவில்லை என்றால், எஃப்பிஎம் தன் வேலையாட்களின் சூழலைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்குகிறது. எஃப்பிஎம்மின் பூல் அமைப்புக் கோப்பில் என்வி வரி ஒன்றில் வேண்டிய மாறியை மட்டும் எழுதி எஃப்பிஎம்மை மறுஏற்றம் செய்யுங்கள். கிளியர்_என்வி என்பதை நோ ஆக்கினால் எல்லாமே உள்ளே வரும், நான் செய்வதில்லை.

ஆளைக் கூப்பிடும் முன்

பகிர்வு ஹோஸ்டிங்கில் மேலே சொன்னவற்றில் பாதி உங்கள் கைக்கு எட்டாது. இரண்டு முறை முயன்று அமைப்புக் கோப்பைத் தொட முடியவில்லை என்றால் ஆதரவுக் குழுவுக்கு எழுதிவிடுங்கள். ‘தளம் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் குக்கியை அழிக்கச் சொல்லும் பதில்தான் வரும். எந்த முகவரி, எத்தனை மணி எத்தனை நிமிடம், எந்த மாறி வர வேண்டும், என்ன வந்தது என்று எழுதுங்கள். அணுகல் பதிவிலிருந்து அந்த ஒரு வரியை ஒட்டுங்கள். முழு அமைப்பையும் கொட்டிய நீண்ட பட்டியலை அனுப்புவதானால், அதில் ஃபாஸ்ட்சிஜிஐ_பாரம் வழியாகத் தரவுத்தளக் கடவுச்சொல் போகிறதா என்று ஒருமுறை தேடி, இருந்தால் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.